அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

போன சனிக்கிழமை, 2021 நவம்பர் 27, அமெரிக்கக் கல்லூரிப் புட்பாலில் நம் ஓஹையோ ஸ்டேட் அணி மிச்சிகனிடம் தோற்றதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தப் படம் என்று ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பையன் ஒருவன் பனியில் குப்புற விழுந்து கிடக்கிறான், மிச்சிகன் ஓட்டக்காரன் அவனைத் தாண்டிப் போகிறான், மேலே தமிழில் ஒரு வரி: "வளையலைப் போட்டு விடுங்கப்பா." போட்டவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். அதனால்தான் தனியாக ஃபோன் செய்து சண்டை போடாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோற்றது எனக்கும் வலிக்கிறது. 2011-க்குப் பிறகு மிச்சிகன் நம்மை ஜெயித்ததே இல்லை, இப்போதுதான் ஜெயித்திருக்கிறார்கள். 42-27. பந்தை நம் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன்; அவர்கள் போட்ட ஆறு டச்டவுனும் ஓடிப் போட்டவை. ஹசன் ஹாஸ்கின்ஸ் மட்டும் ஐந்து. 41 தடவை ஓடி 297 யார்டு எடுத்திருக்கிறார்கள், அதாவது ஒரு ஓட்டத்துக்கு ஏழு யார்டுக்கு மேல். முதல் பாதி முடிந்தபோது 14-13 என்றுதான் இருந்தது. இடைவேளை முடிந்து வந்ததும் மூன்றே முயற்சியில் 81 யார்டு போய்விட்டார்கள். அதில் பிளேக் கோரம் ஓடியது மட்டும் 55. அப்போது என் கையில் இருந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பசங்களுக்கு ரோஷம் இல்லை, முதுகெலும்பு இல்லை என்று எழுதுகிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரன்னை, அதாவது பந்தோடு ஓடி வருகிறவனை, நிறுத்துவது கணக்கு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

புட்பால் பார்க்காத நண்பர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளுக்குப் பெயர் உண்டு. நடு ஆளுக்கும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டுக்கும் இடையில் ஏ, அதற்கு அடுத்தது பி, அதற்கும் வெளியே சி. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறு சந்து. டைட் எண்ட் என்ற இன்னொரு ஆள் ஓரத்தில் வந்து ஒட்டி நின்றால் ஏழு. ஒவ்வொரு சந்துக்கும் நம் பக்கத்தில் ஒரு ஆள் பொறுப்பு. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் ஓடக்கூடியவன் என்றால் அவனுக்கும் ஒரு ஆள் வேண்டும். பந்தைத் தூர எறிவார்களோ (பாஸ்) என்று பயந்து ஒருவனைப் பின்னால் நிறுத்தினால் முன்னால் ஒரு ஆள் குறையும். எந்தச் சந்துக்கு ஆள் இல்லையோ அதற்குள் புகுந்து போவார்கள். முன்னூறு பவுண்டு மனிதன் ஒருவன் வழி திறந்துவிட, பின்னால் ஒருவன் பந்தோடு வருவான். அந்த இடத்தில் நீங்கள் வீரனா கோழையா என்று யாரும் கேட்பதில்லை. ஆள் இருக்கிறானா இல்லையா, அவ்வளவுதான்.

இன்னும் சொன்னால், துணிச்சல்காரன்தான் ஓட்டை போடுவான். பக்கத்துச் சந்தில் பந்து போகிறது என்று தோன்றியதும் தன் இடத்தை விட்டுவிட்டு அங்கே பாய்வான். ஓட்டக்காரன் ஒரு அடி பின்வாங்கி, இவன் விட்டுவிட்டுப் போன இடத்தில் நுழைந்துவிடுவான். நான் பி.எச்டி. படிக்க இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பல வருடம் கோச்சாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுவார். முதல் நாளே அவர் சொன்னது, "பந்தைப் பார்க்காதே, கார்டைப் பார்" என்பதுதான். கார்டு எந்தப் பக்கம் நகர்கிறானோ அந்தப் பக்கம்தான் ஆட்டம் போகும். பந்தைப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு லைன்பேக்கருக்கு, அதாவது முன் வரிசைக்குப் பின்னால் நின்று ஓட்டக்காரனை மறிக்கிறவனுக்கு, எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். இரண்டு வருடம் என்றார்.

இரண்டு வருடம். இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வருடத்து லைன்பேக்கர்களைப் பாருங்கள். போன வருடம் ஆடிய பீட் வெர்னர், பேரன் பிரௌனிங், டஃப் போர்லண்ட், ஜஸ்டின் ஹில்லியர்ட் நான்கு பேரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஸ்டீல் சேம்பர்ஸ் போன வருடம் வரைக்கும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். ரன்னிங்பேக்! இந்த வருடம்தான் அவனை இந்தப் பக்கம் மாற்றினார்கள். ஒரு புது மொழியை நடுத்தெருவில் நின்று கற்றுக்கொள்கிற மாதிரி, லட்சம் பேர் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். பந்தோடு வருகிறவனைப் பிடித்து விழவைப்பதுதான் டேக்கிள். அணியிலேயே அதிக டேக்கிள் யாருடையது? ரானி ஹிக்மனுடையது. அவன் சேஃப்டியாக வந்தவன். கடைசிக் காவலில் இருக்க வேண்டியவன் இத்தனை பேரை விழவைக்க வேண்டியிருக்கிறது என்றால், எத்தனை பேர் முன் வரிசையைத் தாண்டி வந்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். அவன்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

அப்புறம், இது சனிக்கிழமை திடீரென்று வந்த நோயா? செப்டம்பர் 2, முதல் ஆட்டம், மினசோட்டாவில். அவர்கள் ஓட்டக்காரன் முகமது இப்ராஹிம் 163 யார்டு ஓடினான். நாம் 45-31 என்று ஜெயித்தோம், அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் நம் ஊரிலேயே ஓரிகன். 269 யார்டு ஓடி 35-28 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். சி. ஜே. வெர்டெல் 77 யார்டு ஒரே ஓட்டமாக ஓடினானே, மறந்துவிட்டதா? ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப ஓடினார்கள், நாம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நின்றோம். அதற்குப் பிறகுதான் நம் கோச் கெர்ரி கூம்ப்ஸிடமிருந்து டிஃபென்ஸ் (தடுப்பு) ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாற்றி இன்னொரு கோச் மாட் பார்ன்ஸிடம் கொடுத்தார்கள். அதாவது பெரியவர்களுக்கு செப்டம்பரிலேயே தெரியும். தெரிந்து, ஆளை மாற்றி, திட்டத்தைத் திருத்தி, பத்து வாரத்துக்கு மேல் ஆன பிறகும் அதே சந்தில் அதே மாதிரி ஓட்டம் போகிறது. திட்டுவதானால் யாரைத் திட்ட வேண்டும்?

"மிச்சிகன் ஸ்டேட்டை (அது வேறு பல்கலைக்கழகம்) 56-7 என்று அடித்தோமே, அவர்கள் ஓட்டக்காரன் கென்னத் வாக்கரையே 25 யார்டில் நிறுத்தினோமே, அப்போது மட்டும் இந்தக் கணக்கு எப்படிச் சரியாக வந்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். பாதி ஆட்டத்தில் 49-0. அந்த நிலையில் எந்த கோச் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுப்பார்? வாக்கர் மொத்தமே ஆறு தடவைதான் ஓடினான். அவனை நிறுத்தியது நம் ஆஃபென்ஸ், அதாவது பந்தை வைத்து ஆடும் பக்கம், போட்ட ஸ்கோர். இந்த வருடம் நாட்டிலேயே அதிகமாக ஸ்கோர் போடும் ஆஃபென்ஸ் நம்மிடம் இருக்கிறது. அது ஒரு வீட்டின் முன்பக்கம் அடித்த பெயிண்ட் மாதிரி. பெயிண்ட் நன்றாக இருந்ததால் பின்சுவரில் விரிசல் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை சி. ஜே. ஸ்ட்ரவுட் 394 யார்டு எறிந்தும் பெயிண்ட் போதவில்லை.

சரி, டேக்கிள் தவறவிட்டார்கள், அது உண்மை. கடைசிக் கால் மணி நேரத்தில் கால் ஓயவே சிலர் கையை மட்டும் நீட்டினார்கள், அதையும் பார்த்தேன். மறுக்கவில்லை. ஆனால் முதல் அடியிலேயே ஒருவனை மறிப்பது வேறு, ஏழு யார்டு ஓடி வேகம் எடுத்து வருகிறவனைத் தனி ஆளாக மறிப்பது வேறு. முன்னால் கணக்கு தப்பினால் பின்னால் நிற்கிறவன்தான் அசிங்கப்படுவான். படத்தில் விழுந்து கிடப்பது அவன்தான். கணக்கைத் தப்பாகப் போட்டவரின் படத்தை யாரும் எடுப்பதில்லை.

"ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்களும் விளம்பரத்தில் காசு வாங்கலாம் என்று ஆகிவிட்டது, காசு வாங்கினால் திட்டும் வாங்கத்தான் வேண்டும்" என்று இன்னொருவர். இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயதுப் பையனின் முகத்தை வைத்துச் சிரிக்க விலை எவ்வளவு என்று பேரம் பேசுகிறவரிடம் நான் என்ன பேசுவது?

மிச்சிகன் ஆஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் ஜோஷ் கட்டிஸ் நம்மை நல்ல அணி, நளினமான அணி, ஆனால் முரட்டு அணி இல்லை என்று சொன்னதையும் எனக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்கள். அவர் ஜெயித்தவர், சொல்லட்டும். அவர் சொன்னது மொத்த அணியை. ஒரு பையனின் படத்தைப் போட்டுச் சொல்லவில்லை. எதிரிக்கு இருக்கும் நிதானம்கூட நமக்கு இல்லையா?

இந்த ஊருக்கு ஏன் இது இவ்வளவு வலிக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. 1951-லிருந்து 1978 வரை வுடி ஹேஸ் இங்கே கோச். மூன்று யார்டு, ஒரு புழுதி மேகம் என்று அவருடைய ஆட்டத்தைச் சொல்வார்கள். ஓடி ஓடியே எதிரியை நசுக்கியவர். ஆர்ச்சி கிரிஃபின் 1974, 1975 என்று கல்லூரிப் புட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதை இரண்டு முறை வாங்கியது இந்த அணிக்காக ஓடித்தான். ஓடி ஜெயித்துப் பேர் வாங்கிய ஊரில், நம்மீதே ஓடிவிட்டுப் போனால் பொறுக்க முடியாதுதான். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருந்திருந்தால் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பனி அள்ளிக்கொண்டிருந்திருப்பார். அந்தக் கோபத்திலும் ஒரு பையனின் பெயரைச் சொல்லித் திட்டியிருக்க மாட்டார்.

இவ்வளவும் ஆட்டத்தைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

என் மூத்தவன் பள்ளிக்கூட அணியில் லைன்பேக்கர். "படிக்கிற பையனை ஏன் அந்த முரட்டு ஆட்டத்தில் விடுகிறீர்கள்" என்று நம் வீட்டு விசேஷங்களில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. மண்டையில் அடிபடும் என்ற பயம் எனக்கும் என் மனைவிக்கும் இருக்கிறது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அவனுக்கு அது பிடித்திருக்கிறது, ஆடுகிறான்.

அக்டோபரில் ஒரு ஆட்டம். எதிரணி ஒரே உத்தியைத் திரும்பத் திரும்ப ஆடியது. கார்டு ஒருவன் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி அந்தப் பக்கம் போய் வழி திறப்பான், பின்னால் ஓட்டக்காரன் வருவான். ஏழெட்டு தடவை என் பையன் இருந்த பக்கமாகவே போனார்கள். எனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்து ஒருவர் என் பையனின் எண்ணைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியும்வரை விடவில்லை. நான் அவன் அப்பா என்று அவருக்குத் தெரியாது. திரும்பிச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வீட்டுக்கு வரும்போது காரில் இருபது நிமிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெரு திரும்பும்போதுதான், "நான் நிக்க வேண்டிய கேப்லதான்ப்பா நின்னேன்" என்றான். எனக்குத் தெரியும் கண்ணா என்றேன். "உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே" என்றான். பதினாறு வயது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன சனிக்கிழமை ஆட்டத்தை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். முடிந்த பிறகு தம்பிக்கு ஏதோ காட்ட என் ஃபோனை எடுத்தான். திறந்ததும் முதலில் வந்தது அந்தப் படம். அவனுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். எழுத்துக்கூட்டி வாசித்தான். வளையல் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அந்த வரியின் அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டான். நான் என்ன சொல்வது அண்ணா? வளையல் போட்ட கை எங்கள் வீட்டில் என்னென்ன சுமக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போன வீடு. அர்த்தத்தைச் சொன்னேன். கீழே சிரித்தவர்களின் பெயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பாதிப் பேரை அவன் மாமா என்று கூப்பிடுகிறவன்.

"சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாய்" என்பீர்கள். விழுந்து கிடக்கும் அந்தப் பையனும் யாரோ ஒருவரின் காரில் வீட்டுக்குப் போகிறவன்தான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றானா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அறைக்குள் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். தெரியாத ஒன்றுக்காக அவனை இப்படிச் சொல்ல நாம் யார்? திட்டம் போட்டவர்களைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். இன்னும் காரமாகவே கேட்கிறேன். செப்டம்பரில் தெரிந்தது நவம்பரில் ஏன் சரியாகவில்லை என்று கேளுங்கள். அதற்கு ஒரு படம் போடுங்கள், முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

சனிக்கிழமை இரவு பார்த்தபோது அந்தப் படத்துக்கு 41 பேர் சிரித்திருந்தார்கள். இதை எழுதி முடித்துவிட்டு இப்போது போய்ப் பார்த்தேன். 63.