பொருள் யாருடையது என்று பாருங்கள்

இணைய ஏலத் தளமான ஈபேயில் பொருளை ஏலத்துக்கு விடுகிற எல்லோரும் அமெரிக்க மாநில ஏல உரிமம் எடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இது இரண்டு வேறு தொழில்களை ஒன்றாகக் குழப்புகிறது.

மேடையில் ஏலம் விடுபவர்தான் விலையை ஏற்றி, சுத்தியலைத் தட்டி முடிக்கிறார். ஈபேயில் அதை மென்பொருள் செய்கிறது. ஒருவர் உச்சமாக 100 டாலர் பதிந்து, அடுத்தவர் 60 டாலரோடு நின்றுவிட்டால், விலை 61-இல் நிற்கும். குறித்த நேரத்தில் ஏலம் தானாக முடியும். தன் வீட்டு கேமராவைப் படமெடுத்துப் போட்டு, பெட்டி கட்டி அனுப்புபவருக்கு வட கரோலினா மாநிலம் ஏல உரிமத்துக்குக் கேட்பது போன்ற 80 மணி நேர ஏலப் பள்ளி எதற்கு?

பிறர் பொருளைக் கமிஷனுக்கு விற்பவர் கதை வேறு. பணம் முதலில் அவர் கணக்கில்தான் விழுகிறது. உரியவருக்குக் கொடுத்த பிறகு பொருள் திரும்பி வந்தால், இன்னொருவர் பணத்தை எடுத்துச் சமாளிப்பார். ஓட்டை விழுவது அங்கேதான். தனி வங்கிக் கணக்கு, பிணைத் தொகை, குறைந்தபட்ச விலையும் கமிஷனும் எழுதிய ஒப்பந்தம், திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் பட்டுவாடா: இவற்றைக் கட்டாயமாக்குங்கள். பென்சில்வேனியா மாநிலம் இவர்களுக்கென்று தனிப் பதிவுமுறை வைத்தது சரியான வழி.

ஆள் வைத்து விலையேற்றும் கள்ளக் கேள்வியை எந்த உரிமமும் பிடிக்காது. யார், எந்தக் கணக்கிலிருந்து, எப்போது கேட்டார் என்ற பதிவு தளத்திடம் இருக்கிறது. புகார் வந்தால் அதைக் கொடுக்கும் கடமையைத் தளத்தின் மேல் வையுங்கள்.