பத்திரிகையே இல்லாத ஊரா நம்முடையது?

நகராட்சி விழா மலரின் அந்த ஒரு வரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்மூரிலிருந்து சொல்லும்படியாகப் பத்திரிகை எதுவும் வந்ததில்லையாம். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. ஆதாரம் கேட்டவர்களுக்கு மலர்க்குழுவிலிருந்து வந்த பதில்: “இணையத்தில் தேடினோம், எதுவும் கிடைக்கவில்லை.”

இல்லை என்று அச்சில் ஏற்றுவதற்கு முன் எங்கே தேடினீர்கள்? என் கேள்வி இது ஒன்றுதான்.

ஊர்ப் பத்திரிகையைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. 1867 அச்சகச் சட்டப்படி, பத்திரிகையை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் ‘டிக்ளரேஷன்’ என்ற உறுதிமொழி அறிக்கை கொடுத்தாக வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் அந்தப் பழைய கோப்புகளைக் கேட்டீர்களா? 1910 பத்திரிகைச் சட்டம் புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்டது. 1922-ல் ரத்தாகும் வரை அதுதான் நிலைமை. அந்தக் காலத்தில் அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியாமல் தொடங்கும் முன்பே நின்றுபோன முயற்சிக்கு இதழே இருக்காது, கோப்பு மட்டும்தான் இருக்கும். வெள்ளைக்கார அரசு தமிழ்ப் பத்திரிகைகளை வாரம்தோறும் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கை போட்டது. எந்த ஊரிலிருந்து எந்தப் பத்திரிகை வந்தது என்ற பட்டியலும் அதில் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய்ப் பார்த்தீர்களா?

சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்திரிகை என்றால் வேலை இன்னும் சுலபம். 1956 விதிகளின்படி, ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் நாலாம் படிவ அறிக்கை போட வேண்டியிருந்தது. வெளியாகும் இடம், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் எல்லாம் அதில் இருக்கும். எனவே பழைய இதழ்க் கட்டு ஒன்று கைக்கு வந்தால் முதலில் மார்ச் மாத இதழை எடுங்கள். நாலைந்து வருட மார்ச் இதழ்களை வரிசையாக வைத்தாலே பத்திரிகை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரிந்துவிடும்.

“சின்ன ஊரில் என்னங்க பத்திரிகை?” என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘குடி அரசு’ 1925 மே 2-ல் ஈரோட்டிலிருந்துதான் வந்தது. ‘ஊழியன்’ வந்தது காரைக்குடியிலிருந்து. ‘நாடார் குல மித்திரன்’ அருப்புக்கோட்டையிலிருந்து. அப்போது இவை எதுவும் மாநகரம் இல்லை.

இந்தப் பத்திரிகைகளுக்குப் பின்னால் இருந்த உழைப்பையாவது நினைத்துப் பார்த்தீர்களா? நாலு பக்க வாரப் பத்திரிகை என்றால் ஒன்றாம் பக்கமும் நாலாம் பக்கமும் ஒரு ஃபாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்கள்), இரண்டும் மூன்றும் இன்னொரு ஃபாரம். ஈய எழுத்து குறைவாக வைத்திருந்த அச்சகத்தில் உள்பக்கங்களை முதலில் கோத்து, புரூஃப் திருத்தி, டிரெடில் அச்சு எந்திரத்தில் ஓட்டி, எழுத்துகளைப் பிரித்துத் திரும்பக் கேஸில், அதாவது அறை அறையாக உள்ள எழுத்துப் பெட்டியில், போட்ட பிறகுதான் முதல் பக்கத்தைக் கோக்க முடியும். அதனால் உள்பக்கச் செய்தி இரண்டு மூன்று நாள் பழசாக இருக்கும். பிரித்துப் போடும்போது ஒரு எழுத்து பக்கத்து அறையில் விழுந்தால் அடுத்த இதழில் அது பிழையாகத் தலைகாட்டும். அந்தப் பிழையைக் காட்டித்தான் சிலர் “தரமில்லாத பத்திரிகை” என்கிறார்கள். இரவு முழுக்க நின்றுகொண்டே எழுத்துக் கோத்தவரைப் பற்றி இப்படிப் பேச எப்படி மனது வருகிறது?

“அவையெல்லாம் விளம்பரத்துக்காக நடந்தவை, மிரட்டிக் காசு வாங்கியவர்களும் உண்டு” என்கிறார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நகராட்சி டெண்டர், கோர்ட் ஏலம், சினிமாக் கொட்டகை, ஜவுளிக்கடைத் திறப்பு என்று அந்த விளம்பரங்களில்தான் ஊரே இருக்கிறது. எந்தத் தெருவில் எப்போது குழாய் போட்டார்கள் என்பதை டெண்டர் அறிவிப்பிலிருந்து எடுக்கலாம். 1976-ல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, கோர்ட் சம்மனை விளம்பரமாகக் கொடுப்பதென்றால் நாளிதழில்தான் கொடுக்க வேண்டும் என்றாக்கினார்கள். வாரப் பத்திரிகைகளுக்கு ஒரு வருமான வாசல் அடைபட்டது. இவர்கள் ஏன் நின்றுபோனார்கள் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

“சென்னையில் எல்லாம் இருக்கும், இங்கே எதற்குக் குப்பை?” இதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வெளியிடுபவர் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்ற நூல் வழங்கல் சட்டம் 1954-ல் வந்தது. பத்திரிகைகளை அதில் சேர்த்தது 1956-ல். அதன் பிறகும் வெளியிட்டவர் அனுப்பியிருந்தால்தான் சென்னை கன்னிமாரா நூலகத்தில் இருக்கும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படைச் சேகரிப்பு சென்னையில் உருவானதா? காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒரு மனிதர் தன் வீட்டில் சேர்த்து வைத்தது அது. அவர் குப்பை என்று நினைத்திருந்தால் இன்று அந்த நூலகமே இல்லை.

பழைய கட்டுகளை வைக்க இடமில்லை என்பவர்களுக்கும் சொல்கிறேன், படமெடுத்தாவது வையுங்கள். நாலு பக்க வார இதழ் வருடத்துக்கு 208 பக்கம், இருபது வருடத்துக்கு 4160. நிமிடத்துக்கு இரண்டு பக்கம் படமெடுத்தால் 35 மணி நேர வேலை. கேமராவை ஸ்டாண்டில் நேர் மேலே நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். மடிப்பை இஸ்திரி போட்டு நிமிர்த்தாதீர்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, அதன் அமிலமே அதைத் தின்றுகொண்டிருக்கிறது, சூடு பட்டால் இன்னும் நொறுங்கும். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை ஊறி எழுத்தைக் கறையாக்கிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். படக் கோப்பின் பெயரில் மலர் எண் (பத்திரிகையின் எத்தனையாவது ஆண்டு), இதழ் எண், தேதி மூன்றையும் போடுங்கள். மலர் எண்ணைத் தவறாக அச்சிட்ட இதழ்களும் இரட்டை இதழ்களும் வரும், தேதி இருந்தால்தான் குழப்பம் தீரும். வராத இதழையும் ‘இல்லை’ என்று பட்டியலில் எழுதுங்கள்.

தேதிப் பகுதி கிழிந்திருந்தால் எழுத்தைப் பாருங்கள். லை, னை, றா, னா பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தியது. ‘குடி அரசு’ மாதிரி 1935-லேயே மாறியவை விதிவிலக்கு. பழைய அச்சகங்கள் ஈய எழுத்து தேயும் வரை பழைய வடிவையே ஓட்டியிருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

“ஒரு வரிக்கு இவ்வளவா?” என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான். நாளைக்கு ஒரு பிள்ளை இந்த மலரை மேற்கோள் காட்டும், அடுத்தவர் அந்தப் பிள்ளையை மேற்கோள் காட்டுவார். அதற்குள் எந்த வீட்டுப் பரணிலாவது இருக்கும் கட்டு எடைக்குப் போயிருக்கும்.

குழுவிடம் கேட்பது இதுதான். மீதிப் பிரதிகளில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். நகராட்சி நூலகப் பரணில் இருக்கும் கட்டுகளை, பட்டியல் போட்டு முடியும் வரை, யாருக்கும் எடைக்குப் போட மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். படமெடுக்க நான் வருகிறேன். விளக்கும் ஸ்டாண்டும் என் பொறுப்பு.