அது

அப்பா மறதி நோயில் விழுந்து ஆறாவது வருஷம். படுத்த படுக்கையாகிவிட்டார். அவரைப் புரட்டிவிட வந்த பகல் நேர உதவியாளர், அவர் காதுபடவே என்னிடம் கேட்டார்: "அது ராத்திரி தூங்குச்சா?"

"அவர் தூங்கினார்" என்றேன். குரல் ஏறிவிட்டது எனக்கே தெரிந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையைத் தோளிலும் இன்னொன்றை இடுப்பிலும் கொடுத்து, மூட்டையைத் திருப்புகிற மாதிரி ஒரே தள்ளாகத் திருப்பினார். அப்பாவின் இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமலே போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் போய்க் கையை மெல்ல வெளியே எடுத்தேன். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அன்றிலிருந்து அந்த "அது" என்னை விடவில்லை. ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அப்பாவை மரியாதைக் குறைவாகச் சொல்லிவிட்டார் என்பதாலா? இல்லை, "அது" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம் என்பது எனக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்ததாலா? இரண்டாவதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பேசுகிற மொழிக்குள்ளேயே அந்தக் கோடு கிடக்கிறது. மனிதர் உயர்திணை. மற்றதெல்லாம் அஃறிணை, உயர்வு அல்லாத திணை. ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் வந்தாரா வந்ததா என்று முடிவு செய்யாமல் வாயை மூட முடியாது. தொல்காப்பியம் உயிர்களை அறிவை வைத்து அடுக்குவதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். புல்லுக்கும் மரத்துக்கும் ஓர் அறிவு, அங்கிருந்து ஏறி ஏறி மனிதருக்கு ஆறு. ஆறாவது மனம். நாம் உச்சாணியில் இருக்கிறோம் என்ற பெருமையோடு பரீட்சை எழுதிவிட்டு அதை மறந்தும்விட்டோம்.

அந்த அடுக்கில் இரண்டு வரிகள் இப்போதுதான் என் கண்ணில் தைக்கின்றன. ஒன்று, "மாவும் மாக்களும் ஐயறி வினவே". மா என்றால் விலங்கு. மாக்கள் என்றால் மனிதர்தான், ஆனால் அந்த ஆறாவது அறிவு இல்லாதவர் என்று கருதப்பட்டவர். ஒரு துணைக்கால் சேர்ந்ததும் மக்கள் மாக்களாகி விலங்கின் வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். இன்னொன்று, மக்களுக்கு ஆறறிவு என்று சொன்ன கையோடு வருகிற "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே". அந்தக் கிளையில் வேறு சிலவும் உண்டாம். கோடு போட்ட இடத்திலேயே அது இரண்டு பக்கமும் கசிந்திருக்கிறது.

பேச்சில் இன்னும் பச்சையாகத் தெரியும். குழந்தை அழுகிறது என்போம். வீட்டு நாயை "வந்துட்டான் பாரு" என்போம். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொன்னால் பிழையில்லை, அது உவப்பினால் வந்தது என்று இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. மகிழ்ச்சியினால் திணை மாறலாம், சினத்தினால் மாறலாம், இழிப்பினாலும் மாறலாம் என்கிறது நன்னூல். மனித வரலாற்றில் பெரிய அளவில் நடந்தது அந்தக் கடைசி வகை மாற்றம்தான்.

இந்த யோசனைகளோடுதான் பின்மனிதத்துவத்தை மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். போஸ்ட்ஹியூமனிசம் என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். பிடிபட்டதும் தப்பாகவும் புரியும். ஹியூமனிசம் என்பதை நாம் மனிதநேயம் என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். அதனால் இது ஏதோ மனிதநேயம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த கூட்டம் என்று தோன்றும். இன்னொரு பக்கம், மூளையைக் கணினியில் ஏற்றிச் சாகாமல் இருக்கப் பார்க்கும் ஆட்களின் கனவு என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு டிரான்ஸ்ஹியூமனிசம் என்று தனிப் பெயர் உண்டு. அந்தக் கனவு மனிதனை இன்னும் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைக்கிறது, அவ்வளவே. உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு அறிவு மட்டும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற அந்த எண்ணத்தைக் கண்டு திடுக்கிட்டுத்தான் அமெரிக்க இலக்கிய விமர்சகர் கேத்தரின் ஹேல்ஸ் 1999இல் பின்மனிதரைப் பற்றிய தன் புத்தகத்தை எழுதினார்.

பின்மனிதத்துவம் கேட்கிற கேள்வி வேறு. "மனிதன்" என்று நாம் சொல்லும்போது யாருடைய உருவம் மனசில் வருகிறது? லியோனார்டோ டா வின்சி 1490 வாக்கில் வரைந்த அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கையைக் காலை விரித்து நிற்கிற ஒருவர். திடகாத்திரமான ஐரோப்பிய ஆண். தத்துவ அறிஞர் ரோஸி பிரைடோட்டி 2013இல் அந்தப் படத்தைத்தான் கேள்விக்குள்ளாக்கினார். அளவுகோலாக வைக்கப்பட்டது அந்த ஒரு உடம்பு; மற்ற எல்லா உடம்பும் அதிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று அளக்கப்பட்டது. அவருக்கு முன்பே, 2003இல், ஜமைக்கச் சிந்தனையாளர் சில்வியா வின்டர் இதைக் கறாராகச் சொல்லியிருந்தார்: ஒரு குறிப்பிட்ட வகை மனிதன் தன்னையே மொத்த மனித குலமாகக் காட்டிக்கொண்டான் என்று. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஃபூக்கோ 1966இலேயே, இந்த "மனிதன்" அண்மையில் உண்டான ஒரு கண்டுபிடிப்பு, கடற்கரை மணலில் வரைந்த முகம் போல அழிந்துபோகக்கூடியது என்று எழுதினார். மேற்கோளாகக் காட்ட எல்லோருக்கும் பிடித்த வாக்கியம். எனக்கு வின்டர்தான் முக்கியம். முகம் அழியுமா அழியாதா என்பதைவிட, அந்த முகத்தை வரைந்தபோது யார் யார் காலடியில் மிதிபட்டார்கள் என்று அவர் கேட்கிறார்.

யார் மிதிபட்டார்கள் என்பதற்கு ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். நியூயார்க்கில் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலை. 1906 செப்டம்பரில் அங்கே குரங்குக் கூடத்தில் ஓட்டா பெங்கா என்ற மனிதரைக் காட்சிக்கு வைத்தார்கள். காங்கோவிலிருந்து அழைத்துவரப்பட்டவர். கூண்டில் கூடவே ஓர் ஒராங்குட்டான். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். கறுப்பினப் பாதிரியார்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால் அந்த மாதக் கடைசிக்குள் அவர் வெளியே வந்தார். ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் 1916இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். காட்சிசாலையை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2020இல்.

அதே காட்சிசாலைக்கு 1977இல் ஹேப்பி என்ற ஆசிய யானை வந்தது. 2005இல் அதன் முன்னால் பெரிய கண்ணாடி வைத்துச் சோதித்தார்கள். தன் நெற்றியில் போட்டிருந்த வெள்ளைக் குறியைக் கண்ணாடியில் பார்த்து, துதிக்கையால் தன் நெற்றியையே தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அதாவது தன்னைத் தானென்று தெரிந்துகொண்டது. இதையெல்லாம் காட்டி, அதை விடுவிக்கச் சொல்லி ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2022இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் மறுத்துவிட்டது. யானை சட்டத்தின் கண்ணில் "ஆள்" இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பலருக்கு வலிக்கும். வலிக்க வேண்டியதும்தான். கூண்டில் அடைக்கப்பட்ட மனிதரின் அவமானத்தை ஒரு யானையின் வழக்கோடு ஒப்பிட நான் வரவில்லை. நான் பார்ப்பது பூட்டை. இரண்டு கூண்டுக்கும் ஒரே பூட்டு: இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் இருப்பதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்தப் பக்கத்தில் அப்படி ஓர் அனுமதி இருக்கிற வரை, பிடிக்காத மனிதர்களை அங்கே தள்ளிவிடுவது ரொம்ப சுலபம். அவர்களை "அது" ஆக்கினால் போதும்.

யானைக்காக வாதாடியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வாதத்தின் அடித்தளம் எனக்குச் சம்மதமில்லை. கண்ணாடிச் சோதனையில் தேறியதால் உள்ளே விடுங்கள் என்பது பரீட்சை வைக்கும் பழைய வழக்கத்தை அப்படியே ஒப்புக்கொள்வது. என் அப்பா கடைசி இரண்டு வருஷம் கண்ணாடியில் தெரிந்தவரைப் பார்த்து "யாரு நீங்க, உட்காருங்க" என்பார். அந்தப் பரீட்சையில் யானை பாஸ், அப்பா ஃபெயில். அறிவை வைத்து, பேச்சை வைத்து, நினைவை வைத்து மனிதரை அளந்தால் ஏதோ ஒரு நாள் நம் வீட்டுக்குள்ளேயே ஒருவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்.

நினைவு என்றதும் அப்பாவின் சட்டைப் பை ஞாபகம் வருகிறது. நோயின் தொடக்கத்தில் சின்னக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எப்போதும் அதில் வைத்திருப்பார். நிமிஷத்துக்கு ஒரு முறை கை தானாகப் போய் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர்கள் இருவரும் 1998இல் எழுதிய கட்டுரையில் ஆட்டோ என்றொரு கற்பனைப் பாத்திரம் வருவார். அவருக்கும் மறதி நோய். போக வேண்டிய இடத்தின் முகவரியை நோட்டில் பார்த்துத்தான் போவார். நமக்கு மூளைக்குள் இருக்கும் நினைவு செய்கிற வேலையை அந்த நோட்டு செய்கிறது என்றால், அது அவருடைய மனத்தின் ஒரு பகுதி இல்லை என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்பார்கள். தத்துவ வகுப்பில் இதை ஒரு சாமர்த்தியமான புதிராகப் படித்தேன். ஒருநாள் சலவைக்குப் போடும்போது அப்பாவின் நோட்டை எடுத்து எங்கோ வைத்துவிட்டேன். அன்று முழுக்க அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் கிடைத்து, கொடுக்கும்போது பிரித்துப் பார்த்தேன். நடுப்பக்கத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: "கண்ணாடி போட்ட பெண் சாயங்காலம் வருவாள். என் மகள். பயப்பட வேண்டாம்."

நான் அவருடைய மகள் என்பது அப்போது அவருடைய மூளையில் இல்லை. காகிதத்தில் இருந்தது.

இப்படிப் பார்த்தால் தோலோடு முடிந்துவிடுகிற தனி மனிதன் எங்கே இருக்கிறான்? உடம்புக்குள் போனாலும் இதே கதைதான். 2016இல் வந்த ஒரு கணக்குப்படி நம் உடம்பில் மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. நம் மரபணுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோ வைரஸ்கள், அதாவது தொற்றிய செல்லின் மரபணுவிலேயே தம்மை எழுதிவிடுகிற வைரஸ்கள், விட்டுப்போன மிச்சம். எல்லாம் வெறும் குப்பையும் இல்லை. கருவில் குழந்தைக்கும் தாய்க்கும் நடுவே நஞ்சுக்கொடி உருவாக சின்சைட்டின் என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணு, என்றோ நம் மூதாதையரைத் தொற்றிய ஒரு வைரஸிடமிருந்து வந்தது. இதை முதன்முதலில் படித்த அன்று வெகு நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. நாம் எல்லோரும் தாய் வயிற்றில் தங்கியதற்கு ஒரு வைரஸின் மிச்சமும் காரணம். அமெரிக்கச் சிந்தனையாளர் டோனா ஹாரவே 1985இலிருந்து மனிதன், விலங்கு, எந்திரம் என்ற வேலிகள் ஏற்கெனவே சரிந்துவிட்டன என்று சொல்லிக்கொண்டிருப்பதை நான் உருவகமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒரு கேள்வியை மட்டும் தாண்டிப் போக முடியாது. மனிதராகவே இன்னும் நடத்தப்படாத மக்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, மனிதன் என்ற கருத்தே காலாவதி என்று சொல்வது யாருக்கு வசதி? வரிசையில் காலம் காலமாக நின்றவர்கள் வாசலுக்கு வரும் நேரத்தில் கட்டடத்தை இடிப்பதா? இது நியாயமான கோபம். இதற்குப் பதில் சொல்லாத பின்மனிதத்துவம் எனக்கு வேண்டாம். மனித உரிமையில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. நான் கேட்பது, அந்த வாசலுக்கு வெளியே நிற்பதே ஆபத்து என்ற நிலை மாற வேண்டும் என்று. எல்லாவற்றையும் உயர்திணைக்குள் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதில் அஃறிணையாக இருப்பது தண்டனையாக இல்லாமல் ஆக்கலாம்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நியூசிலாந்தின் வாங்கனுயி நதி இருக்கிறது. 140 வருஷத்துக்கு மேல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் போராடி, 2017இல் அந்த நதிக்குச் சட்டப்படி ஓர் ஆளின் தகுதி கிடைத்தது. நதியின் சார்பில் பேச இரண்டு பேர். ஒருவரை நதிக்கரை மக்கள் நியமிக்கிறார்கள், இன்னொருவரை அரசு. நதிக்கு அறிவு உண்டா, வலி தெரியுமா, கண்ணாடியில் தன்னைப் பார்க்குமா என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. "நான்தான் நதி, நதிதான் நான்" என்பது அந்த மக்களின் சொல். அந்த உறவுதான் சட்டத்துக்கு ஆதாரம். நதி இன்னும் நதியாகவேதான் ஓடுகிறது. அதை யாரும் மனிதனாக்கவில்லை.

எந்திரங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். பேசுகிற எந்திரம் மனிதனா இல்லையா என்று இப்போது எல்லோரும் விவாதிக்கிறார்கள். அதுவும் பழைய பரீட்சையேதான், தேர்வு எழுதுகிற ஆள் மட்டும் புதிது. அந்த எந்திரத்தை யார் யார்மேல் என்ன செய்யப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு இன்னும் அவசரமான கேள்வி. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அப்பாவிடம் திரும்பி வருகிறேன். ராத்திரி வேலைக்கு வந்தவர் வேறொருவர், என்னைவிடச் சின்னவர். கட்டில் பக்கத்தில் வந்ததும் முதலில் அப்பாவின் தோளில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். "திரும்பலாமா ஐயா?" என்பார். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் பதிலுக்கு ஆகும் நேரம் காத்திருப்பார். அப்புறம் இடது கையை முதலில் எடுத்து நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, உடம்பு தானாக உருள்கிற மாதிரி மெதுவாகத் திருப்புவார். திருப்பிய பிறகு கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு சின்னத் தலையணையை அதற்கு அடியில் செருகுவார்.

ஒருநாள் நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது உதட்டில் விரலை வைத்தார். "இப்பத்தான் கண்ண மூடுச்சு. லைட்ட அணைச்சிடுங்கக்கா" என்றார்.

நான் திருத்தவில்லை. விளக்கை அணைத்தேன்.