திருச்சி ஏர்போர்ட்டுக்கு உள்ளயே பஸ் வரணும்

எங்க அறந்தாங்கி பக்கம் வீட்டுக்கு ஒருத்தராச்சும் சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு இருப்பாங்க, அதனால எங்களுக்கு ஏர்போர்ட்னாலே திருச்சிதான். புது டெர்மினலை 1,112 கோடி செலவுல கட்டி, 2024 ஜனவரில பிரதமர் திறந்து வச்சாரு, ஜூன்ல இருந்து விமானம் எல்லாம் அங்கதான் வருது போகுது. கட்டடம் உண்மையிலேயே அழகு, வருஷத்துக்கு 44 லட்சம் பேர் வந்து போகலாம்ங்கறாங்க. சரி, அந்த 44 லட்சம் பேரும் கார்லயா வருவாங்க?

திறந்த புதுசுல எங்க மச்சானை சிங்கப்பூருக்கு வழியனுப்பப் போனோம். புதுக்கோட்டையில இருந்து திருச்சி போற பஸ் ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் போகுது, ஆனா ரோட்டுலயே இறக்கி விட்டுட்டாங்க. அங்கருந்து டெர்மினல் வாசல் வரைக்கும் நடைதான். கயிறு கட்டி மார்க்கர்ல பேரெழுதுன அட்டைப்பெட்டி மச்சான் தலைல, சூட்கேஸ் என் கைல, அது சக்கரம் ஒண்ணு ஜல்லியில சிக்கி கழண்டு போச்சு. எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, ரெண்டு தடவை நின்னு நின்னு வந்தாங்க, மாப்பிள்ளைக்கு நேரமாச்சு நீங்க முன்னாடி போங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அவ்ளோ அவசரத்துல அம்மாகிட்ட சரியா சொல்லிக்காமலே மச்சான் உள்ள போயிட்டாரு, அதை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல.

ராத்திரி வந்து இறங்குறவங்க பாடு இன்னும் மோசம். இங்க வர்ற வெளிநாட்டு விமானம் நிறைய ராத்திரிலதான் இறங்குது, அந்த நேரத்துல வெளிய வந்தா டாக்ஸிதான். அஞ்சாறு கிலோமீட்டர்ல இருக்குற சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கே அவங்க சொல்றதுதான் ரேட்டு. ரெண்டு வருஷம் வெயில்ல கம்பி கட்டி சம்பாதிச்சவன் ஊர் மண்ணுல இறங்குன உடனே பேரம் பேசிட்டு நிக்கணுமா?

பெங்களூர்ல ஏர்போர்ட் ஊரை விட்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, ஆனா ராத்திரி பகல்னு பாக்காம அரசு பஸ் டெர்மினல் வாசலுக்கே வருது, உள்ள பெட்டி வைக்கத் தனியா ரேக்கே இருக்கு. சென்னையில 2016ல இருந்து மெட்ரோ இருக்கு, எதிர்ல திரிசூலம் ஸ்டேஷன் அதுக்கும் முன்னாடியே இருக்கு. நம்ம திருச்சிக்கு அவ்ளோ பெருசாலாம் வேணாம். புதுக்கோட்டை ரோட்டுல போற பஸ்ல மணிக்கு ஒண்ணு உள்ள வந்து திரும்பட்டும், ராத்திரி விமானம் இறங்குற நேரத்துக்கு தஞ்சாவூருக்கு ஒண்ணு, காரைக்குடிக்கு ஒண்ணு வாசல்ல நிக்கட்டும். தஞ்சாவூர் ரோட்டுல இருக்குற துவாக்குடில இருந்து, புதுக்கோட்டை ரோட்டுல இருக்குற மாத்தூர் வழியா பஞ்சப்பூருக்கு ரிங் ரோடு இருக்கே, தஞ்சாவூர் பஸ் ஊருக்குள்ள போய் மாட்டாம அந்தப் பக்கமே போயிடலாம். புதுக்கோட்டை ரோட்டுல இருந்து டெர்மினல் வரைக்கும் நிழலோட ஒரு நடைபாதை, ஒழுங்கா லைட்டு, இதுக்கெல்லாம் எவ்ளோ ஆகிடப் போகுது, அந்த 1,112 கோடியோட வச்சுப் பாருங்க.

மச்சான் அடுத்த மாசம் லீவுல வர்றாரு, ராத்திரி பதினொன்றரைக்கு விமானம். வேன் பேசியாச்சு, 4,000 ரூபா. அம்மா இந்த தடவை வீட்லயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.