வஞ்சிரம் கிடைக்காதாம்! ஐ.நா. பெயரில் ஒரு வாட்ஸ்அப் வதந்தி

"ஐ.நா. கடல் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டாச்சு. இனி 200 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை. வஞ்சிரம், சங்கரா எதுவும் வராது." வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. கையெழுத்திட்டது மட்டும் உண்மை, 2024 செப்டம்பரில். மற்றதெல்லாம் தலைகீழ்.

ஒப்பந்தம் தொடங்குவதே 200 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 370 கிலோமீட்டருக்கு அப்பால்தான். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் அது. காசிமேட்டு விசைப்படகுகளின் கடலை இது தொடவில்லை. 2023 ஜூனில் ஏற்கப்பட்டு, 60 நாடுகள் உறுதிசெய்த பிறகு, 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடலில் பாதுகாப்புப் பகுதிகளை அமைக்க இது வழிசெய்கிறது. செலவுக்கான சிறப்பு நிதிக்கு உறுப்பினரான வளர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் பணம் தர வேண்டும். வளரும் நாடுகளுக்கு அதிலிருந்து உதவி போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மார்க்கெட்டில் மீன் விலை ஏறுவது வழக்கம்தான். அது நம் மாநிலத்தின் 61 நாள் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காகப் பல ஆண்டுகளாக இருப்பது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர் யாரோ!

வேலூருக்குக் கடல் இல்லைதான். ஆனால் பாலாற்றில் நாம் கொட்டும் குப்பை, வெள்ளம் வந்தால் வயலூர் முகத்துவாரம் வழியாக வங்கக் கடலுக்குத்தான் போகிறது.