சாலை போட்டவர்கள் வேறு, சுவர் எழுப்பியவர்கள் வேறு

வேலையில்லா இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு அமைத்த சிசிசி (Civilian Conservation Corps) படையைப் பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் தொடர் கட்டுரையைப் படித்தேன். வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் ஸ்கைலைன் டிரைவ் சாலையை இந்தப் படை இளைஞர்களே போட்டார்கள் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. அது பிழை. 1931-லேயே தொடங்கிய அந்தச் சாலையைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள்தான் வெட்டினார்கள். படை 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சியில்தான் உருவானது. சாலையோரக் கற்சுவர்கள், சரிவுகளைச் சீர்ப்படுத்தியது, மரக்கன்று நட்டது, பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை அகற்றியது எல்லாம்தான் படை இளைஞர்களின் கைவேலை. அதுவே போதிய பெருமை இல்லையா!

படை இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். வேலையில்லாத் தகப்பன்மார் நிறைந்திருந்த அந்தக் காலத்தில், பதினெட்டு வயதுப் பையன் அனுப்பிய அந்தப் பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. பூங்காவுக்காக நூற்றுக்கணக்கான மலைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் விட்டுப்போன வீடுகளைப் பிரித்துப்போடும் வேலையும் இதே இளைஞர்களிடம்தான் வந்தது. முகாம் படங்களோடு அந்தக் குடும்பங்களைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்க வேண்டும். அடுத்த பகுதியிலாவது சேருங்கள்.