எம்.எஸ்.ஸுக்கு ஸ்டெம் செல்: மாத்திரையை நிறுத்தாதீர்கள்

“ஸ்டெம் செல் ஊசி போட்டால் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் குணமாகும், நம்பிக்கையோடு மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். அது தவறு. எம்.எஸ். என்கிற இந்த நோயில் உடலின் எதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும்.

அவர் ஆதாரமாகக் காட்டும் 2019 மிஸ்ட் (MIST) ஆய்வில் 110 எம்.எஸ். நோயாளிகள். நோய் முற்றியது ஸ்டெம் செல் குழுவில் 3 பேருக்கு, வழக்கமான மருந்துக் குழுவில் 34 பேருக்கு. நல்ல முடிவுதான். ஆனால் அது வெறும் ஊசி இல்லை. ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து உறையவைத்து, கீமோ கொடுத்து எதிர்ப்பு செல்களைத் துடைத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப ஏற்றுவார்கள். நோயை அடக்குவது கீமோ. செல்கள் ரத்த உற்பத்தியை மீட்கத்தான். வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும் நாட்களில் சாதாரணக் காய்ச்சலே ஆபத்து. ரிலாப்ஸ், அதாவது அறிகுறிகள் திடீரெனத் திரும்புவது, அடிக்கடி வருகிறவர்களுக்கே முக்கியமாகப் பலன். செத்த நரம்பு முளைக்காது. கீமோ இல்லாமல் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஏற்றும் கிளினிக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். ஃபிங்கோலிமாட் என்ற எம்.எஸ். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், பெரும்பாலும் 12 வாரத்துக்குள், முன்பைவிடக் கடுமையாக நோய் திரும்பலாம். அடுத்த மருந்தை நரம்பியல் மருத்துவரோடு முடிவு செய்துவிட்டே நிறுத்த வேண்டும்.

தைரியம் வேண்டும்தான், பிசியோதெரபியை விடாமல் செய்யவாவது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் புதுத் தழும்பு மூளையில் வருவதைத் தைரியம் தடுக்காது. “ஆய்வில் சேர்க்கிறோம்” என்று லட்சக்கணக்கில் கேட்டால், முதலில் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள்.